டிசம்பர், ஜனவரி விடுமுறையில் நாகர்கோவில் வானிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரையாண்டுத் தேர்வு முடிகிற வாரத்தில் குமரி மாவட்டத்துக்காரர்களின் தொலைபேசி ஓய்வதில்லை. சென்னை, மதுரை, பெங்களூர் என்று வெளியூர்களில் இருக்கும் உறவினர்கள் விடுமுறைக்குக் கிளம்பும் முன் கேட்பது பெரும்பாலும் வானிலை பற்றித்தான். நாகர்கோவிலில் குடியிருப்பதால் ஆண்டுதோறும் நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். டிசம்பர் நடுவில் தொடங்கிப் பொங்கல் முடியும் வரையிலான நாட்களுக்கு இவை பொருந்தும்.

டிசம்பர் கடைசியில் நாகர்கோவிலில் குளிருமா?

விடியற்காலையில் இதமாகக் குளிரும், பகலில் குளிராது. வெப்பநிலை பகலில் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியும், விடியும் முன் 22, 23 டிகிரியை ஒட்டியும் இருக்கும். மேகம் மூடிய மழைநாளில் பகலிலும் 27, 28 டிகிரியோடு நின்றுவிடும். ஜனவரியில் வானம் தெளிந்த இரவுகளில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி இறங்குவதுண்டு. அதிகாலை ஐந்து மணிக்குக் கோயிலுக்குப் போகிறவர் துண்டால் காதை மூடிக்கொண்டு நடப்பார். பதினொரு மணிக்கு அவரே வெயிலுக்குக் குடை பிடிப்பார்.

மலை கண்ணெதிரே நிற்கிறதே, ஏன் ஊட்டி போலக் குளிரவில்லை?

மலை பக்கத்தில் இருக்கிறது, ஊர் கீழே இருக்கிறது. அதுதான் முதல் காரணம். வடக்கே மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. நாகர்கோவிலோ கடல் மட்டத்தை விட்டு அதிகம் எழும்பாத சமவெளி. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும். நகரத்தில் 24 டிகிரி இருக்கும் நேரத்தில் மகேந்திரகிரி உச்சியில் 14 டிகிரி அளவில் இருக்கலாம். அந்தக் குளிர் மலையிலேயே தங்கிவிடுகிறது. ஊட்டி நகரமே 2,200 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறது.

இரண்டாவது காரணம் கடல். நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரி வடக்கே, மூன்று கடல்கள் கூடும் முனையில் இருக்கிறோம். டிசம்பரிலும் கடல்நீர் 27, 28 டிகிரி வெதுவெதுப்பில் இருக்கும். இரவில் நிலம் ஆறத் தொடங்கினாலும் கடல் அதை அதிகம் ஆறவிடுவதில்லை. வடக்கேயிருந்து வரும் காற்றும் வங்கக் கடலைக் கடந்து, குளிரை இழந்து, ஈரத்தைச் சுமந்துகொண்டுதான் நம்மிடம் வந்து சேர்கிறது.

அப்படியானால் மலைமேல் போய்க் குளிரை அனுபவிக்க முடியாதா?

மேல் கோதையாறு, முத்துக்குளிவயல் போன்ற உயரமான இடங்களில் நல்ல குளிர் உண்டு. ஆனால் அவை பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது, விடுமுறைக்கு வந்த இடத்தில் நினைத்தவுடன் கிளம்பிப் போகும் ஊர்களும் அல்ல. குடும்பத்தோடு வருகிறவர்களுக்குக் கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறை போதும். அங்கே உயரம் குறைவு என்றாலும் மர நிழலும் ஓடை நீரும் சேர்ந்து நகரத்தைவிட நன்றாகவே குளுமையாக இருக்கும். ஓடையில் கால் வைத்தால் உடம்பு சிலிர்க்கும். மாலை நான்கரை மணிக்கே சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும் இடங்கள் அங்கே உண்டு; நாகர்கோவிலில் அப்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

விடுமுறை நாட்களில் மழை பெய்யுமா?

பெய்யலாம். இந்த மாவட்டத்துக்கு வருகிறவர்கள் குளிரைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு மழையைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். பயணத்தைத் தீர்மானிப்பது மழைதான். அதைவிட, மழை எந்தப் பக்கம் பெய்கிறது என்பதுதான்.

தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரண்டு பருவமழைகளையும் ஏறத்தாழச் சம அளவில் பெறும் மாவட்டம் இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளத்தை ஒட்டி வரும் மழை ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்கேயிருந்து வரும் மழை இன்னொன்று. அக்டோபர், நவம்பரில் காலையில் வெயில் அடிக்கும், மதியம் மலைமேல் மேகம் திரளும், மாலையில் இடியோடு இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வானம் வெளுக்கும். டிசம்பர் நடுவுக்கு மேல் இந்த இடிமழை குறைந்துவிடும்.

அதன் பிறகு மழை வரும் விதமே வேறு. இலங்கைக்குத் தெற்கிலோ தென்மேற்கு வங்கக் கடலிலோ காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகி மேற்கே நகரும். ‘குமரிக்கடல் மற்றும் அதை ஒட்டிய பகுதிகளில் வளிமண்டலச் சுழற்சி நிலவுகிறது’ என்று செய்தியில் வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். அந்தச் செய்தி வந்தால் இரண்டு, மூன்று நாட்கள் விட்டுவிட்டு மழை இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சுழற்சி அரபிக்கடலுக்குள் போனதும் வானம் தெளிந்து, அடுத்த சுற்று வரும்வரை நல்ல வெயில் அடிக்கும். சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் வாரம் முழுவதும் ஒரு துளிகூட விழாது. சில ஆண்டுகளில் புத்தாண்டு இரவில் குடையோடு தேவாலயத்துக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே ஒரு மாதத்துக்கு முன்பே தேதி குறிப்பிட்டு ‘மழை இருக்குமா’ என்று கேட்பவர்களுக்கு உறுதியான பதில் யாராலும் தர முடியாது. ஐந்து நாட்களுக்கு முன் கேட்டால் ஓரளவு நம்பிச் சொல்லலாம்.

வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டை விட்டு முழுமையாக விலக ஜனவரி இரண்டாவது வாரம் ஆகிவிடுவதுண்டு. அதன் பிறகு பிப்ரவரி முடியும் வரை வறண்ட காலம்.

மாவட்டம் முழுவதும் ஒரே வானிலைதானா?

இல்லவே இல்லை. சிறிய மாவட்டம்தான், மேற்கு எல்லையிலிருந்து கிழக்கு எல்லைக்கு இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அதற்குள் வானிலை மூன்று முறை மாறும்.

மேற்குத் தொடர்ச்சி மலை வடமேற்கிலிருந்து இறங்கி வந்து, ஆரல்வாய்மொழியில் ஒரு கணவாய்க்கு இடம் விட்டு, கடலோரம் மருந்துவாழ்மலையோடு முடிகிறது. அந்த மலையின் மடியில் இருக்கும் குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை பகுதியில் மழை அதிகம். எங்கே பார்த்தாலும் ரப்பர் தோட்டம். நடுவில் நாஞ்சில் நாட்டு வயல்கள். மார்கழியில் கும்பப்பூ எனும் இரண்டாம் போக நெல் பச்சை கட்டி நிற்கும். குளங்கள் நிரம்பிக் கிடக்கும். கிழக்கே ஆரல்வாய்மொழி, அஞ்சுகிராமம் பக்கம் வந்தால் பனையும் உடைமரமும் தென்படத் தொடங்கும். மழை குறைவு, காற்று அதிகம். குலசேகரத்தில் மழை கொட்டுகிற மாலையில் கன்னியாகுமரியில் பிள்ளைகள் கடற்கரை மணலில் விளையாடிக்கொண்டிருப்பது இங்கே சாதாரணம்.

எனவே காலையில் மேற்கே கருத்திருந்தால் கிழக்கே போங்கள்: வட்டக்கோட்டை, கன்னியாகுமரி, சுசீந்திரம். மலைப்பக்கம் வெளுத்திருந்தால் முதல் வேலையாகத் திற்பரப்பு, மாத்தூர், சிதறால் பக்கம் போய்விட்டு, மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, அதை மாற்றாமல் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான் மழையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: குமரிக்கடலில் சுழற்சி வலுவாக இருக்கும் நாளில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கிழக்கு, மேற்கு பார்க்காமல் எல்லா இடத்திலும் பெய்யும்.

குளிர்ச்சியிலும் வேறுபாடு உண்டு. பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் போன்ற மலையடி ஊர்களில் இரவு மலைக்காற்று இறங்கும்; நகரத்தைவிட விடியற்காலை குளிர் தெரியும். கடலோர ஊர்களில் இரவும் பகலும் பெரிய வித்தியாசம் காட்டாது.

மலையைப் பார்த்தே மழையைச் சொல்லிவிடுவார்களாமே, உண்மையா?

அன்றைய மாலை மழையை ஓரளவு சொல்லலாம். நாகர்கோவிலிலிருந்து வடக்கே பார்த்தால் தாடகை மலை படுத்திருக்கும் பெண்ணின் உருவத்தில் தெரியும். காலையில் அதன் நெற்றியும் மூக்கும் கூர்மையாகத் தெரிவது வழக்கம். பத்து, பதினொரு மணிக்கு மேல் வெள்ளை மேகம் தோளில் வந்து உட்காருவதும் வழக்கம். அதற்குப் பயப்பட வேண்டாம். நண்பகலுக்குள் மலை முழுவதும் கருமேகத்துக்குள் மறைந்துபோனால் மலையடியில் மாலை மழை உறுதி என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதில் என்னைவிட, எந்தச் செயலியையும்விட நான் நம்புவது ரப்பர் பால் வெட்டுகிற தொழிலாளர்களை. அவர்களுடைய அன்றாடக் கூலியே வானத்தைப் பொறுத்தது. மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்டு விழுந்த வரியை விட்டுப் பால் பட்டையெங்கும் பரவிவிடும். சிரட்டையில் மழைநீர் சேர்ந்தால் உள்ள பாலும் வீண். அதனால் இருட்டிலேயே எழுந்து, முதலில் மரத்தைக் கையால் தடவிப் பார்த்து, பிறகு மலைப்பக்கம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள். குளிர்ந்த விடியற்காலையில் பால் நன்றாக ஓடும் என்பதால் மழையில்லாத டிசம்பர் அவர்களுக்கு நல்ல காலம். ஜனவரி போகப்போக இலை பழுத்து உதிர, பால் குறைந்துவிடும். குலசேகரம் பக்கம் தங்குகிறவர்கள் காலைத் தேநீர்க் கடையில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அருவிக்குக் கிளம்பலாம்.

அருவிகளில் தண்ணீர் இருக்குமா? குளிக்க விடுவார்களா?

தண்ணீர் பெரும்பாலும் இருக்கும். குளிக்க விடுவார்களா என்பது அணையைப் பொறுத்தது. திற்பரப்பு அருவி கோதையாற்றில் இருக்கிறது. அதற்கு மேலே பேச்சிப்பாறை அணை. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை நிரம்பும் நிலையை நெருங்கினால் உபரிநீரைத் திறந்துவிடுவார்கள். அப்போது திற்பரப்பில் வெள்ளம் பாறையை மூடிப் பாயும்; குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அருவியில் மழையே இல்லாத தெளிந்த நாளிலும் இந்தத் தடை வரும். ஆகவே கிளம்பும் முன் ‘பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா’ என்று கேளுங்கள். உள்ளூர்ச் செய்தித்தாளில் அணைகளின் நீர்மட்டம் நாள்தோறும் வரும்.

காளிகேசம், கீரிப்பாறை பக்கத்து ஓடைகளில் இன்னொரு ஆபத்து உண்டு. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் திடீரென்று காட்டாற்று வெள்ளமாக ஏறிவிடும். தெளிந்த நீர் கலங்கத் தொடங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ யோசிக்காமல் கரையேறிவிட வேண்டும். பாறையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும் நேரம் அல்ல அது. வனத்துறை ஊழியர் ‘இன்று அனுமதி இல்லை’ என்று சொன்னால் அவரோடு வாதாடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் காப்பாற்ற நினைப்பது நம் பிள்ளைகளைத்தான்.

மழைக்குப் பிறகு காட்டுப் பாதையில் அட்டைப்பூச்சி இருக்கும். கொஞ்சம் உப்பு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூரிய உதயம் எத்தனை மணிக்கு? மேகம் மறைத்துவிடுமா?

டிசம்பர் கடைசி வாரத்தில் கன்னியாகுமரியில் சூரியன் ஆறரை மணியை ஒட்டி உதிக்கும். பொங்கல் நேரத்தில் அதைவிடச் சில நிமிடங்கள் தாமதமாக, 6.40க்கு அருகே உதிக்கும். ஐந்தரை மணிக்கே வந்து இடம் பிடித்துவிட்டு ‘இன்னும் வரவில்லையே’ என்று குழந்தைகள் சிணுங்குவதைக் கடற்கரையில் பார்க்கலாம்; ஆறு மணிக்கு வந்தால் போதும். அந்த நாட்களில் சூரியன் நேர்கிழக்கில் எழாமல் தெற்கே சாய்ந்து எழும்.

தொடுவானத்தில் மேகப் படுகை ஒன்று கிடப்பது இந்தப் பருவத்தில் சகஜம். உதய நேரம் தாண்டியதும் கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலையத் தொடங்கும். நீங்கள் கால் மணி நேரம் நின்று பாருங்கள். மேகத்தின் மேல் விளிம்பில் பொன்வரி ஓடி, பிறகு சூரியன் முழு வட்டமாக மேலேறி வருவதைப் பெரும்பாலான நாட்களில் காணலாம். அது எந்த வகையிலும் குறைந்த காட்சி அல்ல.

அஸ்தமனத்துக்குக் குளிர்காலம்தான் பொருத்தமான காலம். கோடையில் சூரியன் வடக்கே விலகி நிலத்தின் பக்கம் மறைந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் கடலுக்குள்ளேயே இறங்கும். டிசம்பர் கடைசியில் மாலை ஆறு மணி பத்து நிமிடத்தை ஒட்டியும், பொங்கலுக்கு ஆறு இருபதை ஒட்டியும் மறையும். ஒரே ஊரில் காலையில் கடலில் உதயம், மாலையில் கடலில் அஸ்தமனம் இரண்டையும் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த மாதங்களில்தான் வர வேண்டும். முட்டத்துப் பாறைகள் மீதிருந்து பார்க்கும் அஸ்தமனம் எனக்குக் கன்னியாகுமரியைவிடப் பிடிக்கும், கூட்டமும் குறைவு.

விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடுமா?

கடல் அனுமதித்தால் ஓடும். காற்று வலுத்து அலை உயர்ந்தாலும் நிறுத்துவார்கள், கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலும் நிறுத்துவார்கள். இரண்டாவது காரணம் வெளியூர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்கும்: வெயில் பளிச்சென்று அடிக்கும், கடல் அமைதியாகத் தெரியும், ஆனால் படகுத்துறையில் ‘சேவை தற்காலிக நிறுத்தம்’ என்று எழுதியிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால் அப்போது இப்படி நடக்க வாய்ப்பு கூடுதல். சில மணி நேரத்தில் நீர் ஏறியதும் மறுபடி ஓடும்.

முன்பெல்லாம் விவேகானந்தர் மண்டபத்துக்குப் படகு போனாலும் திருவள்ளுவர் சிலைக்குப் போகாத நாட்கள் உண்டு. 2024 டிசம்பர் 30 அன்று இரண்டு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடி இழைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு அந்தக் குறை தீர்ந்தது. 133 அடி சிலையின் காலடிக்கு நடந்தே போய்விடலாம். பாலத்தில் காற்று பலமாக வீசும். தொப்பியையும் துப்பட்டாவையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐயப்ப பக்தர்கள் வரும் காலமாகையால் வரிசை நீளமாக இருக்கும். காலை எட்டு மணிக்கு முன்பே போய் நிற்பது நல்லது.

கடலில் குளிக்கலாமா?

மேற்குக் கரையில் இந்த மாதங்களில் கடல் அமைதியாகத் தோன்றும். ஜூன், ஜூலையில் சாலையைத் தின்னும் அலைகள் அடித்த அதே சொத்தவிளை, சங்குத்துறையில் டிசம்பரில் அலை தணிந்திருக்கும். வாடைக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதுதான் காரணம். ஆனால் இந்தக் கரைகள் பல இடங்களில் சட்டென்று ஆழமாகிவிடும். திரும்பும் அலை காலடி மணலையே அரித்து இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் உயிரிழந்திருக்கிறார்கள். முழங்கால் நனைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கரையில் வலை காய வைத்துக்கொண்டிருக்கும் மீனவர் ‘இங்கே இறங்காதீர்கள்’ என்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 26 எங்கள் கடலோர ஊர்களுக்குத் துக்க நாள். 2004இல் அன்று காலை ஆழிப்பேரலை கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி உள்ளிட்ட ஊர்களில் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போனது. ஆண்டுதோறும் நினைவிடங்களில் மெழுகுவத்தி ஏற்றிப் பிரார்த்திப்பார்கள். அன்று அந்தப் பக்கம் போகிறவர்கள் பாட்டும் கூச்சலுமாக இருக்க வேண்டாம்.

புயல் வருமா?

அடிக்கடி வருவதில்லை, வந்தால் மறக்க முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி முனைக்குத் தெற்கே கடந்து போனது. ரப்பர், தென்னை, வாழை எல்லாம் சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் பலர் திரும்பவில்லை. அதன் பிறகு நவம்பர், டிசம்பர் புயல் செய்தியை இங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

புயல் இல்லாமலே பெருமழை வரலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நெல்லை வழியாக வரும் ரயில் போக்குவரத்து முடங்கியது. குமரிக்கு வடக்கேயிருந்து வருகிறவர்கள் நாகர்கோவில் வானிலையை மட்டும் பார்த்தால் போதாது. வழியில் இருக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடி நிலவரத்தையும் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளை எப்படிப் புரிந்துகொள்வது?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 20.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனமாக இருக்கச் சொல்கிறார்கள்: கோயில், அரண்மனை, நகரம் போகலாம், மலையையும் அருவியையும் தள்ளிவைக்கலாம். ஆரஞ்சு வந்தால் தங்கும் விடுதியை விட்டு அதிக தூரம் போக வேண்டாம். சிவப்பு வந்தால் பயணத்தையே ஒத்திப்போடுங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

என்ன உடை எடுத்துவர வேண்டும்?

பருத்தி உடைகள், ஆளுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர், நல்ல குடை. கம்பளிக் கோட்டு தேவையில்லை. பாறையில் வழுக்காத செருப்பு அவசியம். நண்பகல் வெயில் டிசம்பரிலும் சுடும். பாறை நினைவு மண்டபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும் என்பதால் காலையிலேயே போய் வந்துவிடுவது பாதத்துக்கு நல்லது.

மூடுபனி இருக்குமா? இரவில் கார் ஓட்டி வரலாமா?

ஜனவரியில் மழை ஓய்ந்த பிறகு வயலும் குளமும் உள்ள பகுதிகளில் விடியற்காலை வெண்பனி படரும். தேரூர், பூதப்பாண்டிப் பக்கம் வயல்மேல் இடுப்பு உயரத்துக்கு நின்று, ஏழரை மணிக்கு மேல் கரைந்துவிடும். வட மாநிலங்கள் போலச் சாலையே தெரியாத அளவுக்கு மூடுவது அரிது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பனியைவிடப் பக்கவாட்டுக் காற்றுதான் கவனிக்க வேண்டியது. காற்றாலைகள் வேகமெடுத்துச் சுற்றும் காலம் மே முதல் செப்டம்பர் வரைதான் என்றாலும், டிசம்பரிலும் சில இரவுகளில் வண்டியைத் தள்ளிப் பார்க்கும்.

இந்தப் பனியின் விலையைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் விடியும் முன் தோவாளைப் பூச்சந்தைக்குப் போய்ப் பாருங்கள். பனி விழுந்தால் மல்லிகையும் பிச்சியும் மொட்டுக் கட்டுவது குறையும். வரத்துக் குறைய விலை ஏறும். கோடையில் கூடை கூடையாகக் கொட்டிக் கிடக்கும் இடத்தில், மார்கழியில் ஒரு வியாபாரி ஈரத் துணியை விலக்கி, உள்ளங்கையளவு மல்லிகை மொட்டை எடுத்துக் காட்டி விலை சொல்வார். கிரேந்தியும் (செண்டுமல்லி) சம்பங்கியும் வாடாமல்லியும்தான் அப்போது சந்தையில் குவிந்திருக்கும்.

மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது?

வேளிமலை அடிவாரத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை மழைநாளுக்கு ஏற்ற இடம். மரத்தால் கட்டிய அறைகளுக்குள் நடந்துகொண்டே இருக்கலாம். ஓட்டுக் கூரையிலிருந்து முற்றத்தில் மழைநீர் விழும் ஓசையோடு அதைப் பார்ப்பது தனி அனுபவம். திங்கட்கிழமை விடுமுறை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் நீண்ட பிராகாரத்திலும், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் கல்மண்டபங்களிலும் நனையாமல் சுற்றி வரலாம். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு மழையில் போகாதீர்கள். 115 அடி உயரத்தில் காற்றும் சாரலும் சேர்ந்தால் குழந்தைகள் பயந்துவிடும்.

மழை விட்ட காலையில் தேரூர்க் குளக்கரைக்குப் போங்கள். வலசை வரும் பறவைகளுக்காக 2022இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சுசீந்திரம் தேரூர் பகுதி அது. சத்தமில்லாமல் நின்றால் நிறையப் பார்க்கலாம்.

திருவிழாக்களுக்கு வானிலை எப்படி?

டிசம்பர் 3 அன்று நிறைவடையும் கோட்டாறு சவேரியார் திருவிழா மழைக் காலத்துக்குள்ளேயே வருகிறது; குடை இல்லாமல் போகக்கூடாது. சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம் வரும்போது மழை பெரும்பாலும் குறைந்திருக்கும், வெயில் உறைக்கும். வடம் பிடிக்க வருகிறவர்கள் தண்ணீர் கொண்டுவாருங்கள். கிறிஸ்துமஸ் குடில்களைப் பார்க்க இரவு எட்டு மணிக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றுவது இங்கே வழக்கம். காற்று இதமாக இருக்கும்; தெருவெங்கும் நட்சத்திர விளக்குகள்.

எந்த வாரம் வந்தால் நல்லது?

என் தேர்வு புத்தாண்டு முடிந்து பொங்கலுக்கு முந்தைய வாரம். மழை வாய்ப்புக் குறைந்திருக்கும், குளங்களிலும் ஓடைகளிலும் தண்ணீர் மிச்சமிருக்கும், விடியற்காலைக் குளிர் கூடியிருக்கும், மலை நாள் முழுக்கத் துலக்கமாகத் தெரியும். பனங்கிழங்கு சந்தைக்கு வந்திருக்கும். அவித்து, மிளகும் உப்பும் சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். பள்ளி விடுமுறையோடு சேர்த்துத்தான் வர முடியும் என்றால் டிசம்பர் 24 முதல் 31 வரை வாருங்கள். நான்கு நாட்கள் ஒதுக்கினால் அதில் ஒரு நாள் மழைக்குப் போனாலும் மற்ற மூன்றில் எல்லாம் பார்த்துவிடலாம். இரண்டே நாட்களில் மலையும் கடலும் பார்த்துத் திரும்பும் திட்டம் வேண்டாம்.

அவசரத்துக்கு யாரை அழைப்பது?

மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, கடலில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. காளிகேசம், கீரிப்பாறைப் பக்கம் கைபேசி அலைவரிசை பல இடங்களில் கிடைக்காது. காட்டுக்குள் போகும் முன், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை விடுதியிலோ உறவினர் வீட்டிலோ சொல்லிவிட்டுப் போங்கள்.